திட்டம் உள்ள வீடு

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படிப்போர் முதலில் இராசராச சோழனின் கொடைச் சிறப்பைக் கண்டு வியப்பர். அக்கொடைகள் எழுதப்பட்டிருக்கும் முறையை நோக்கினால் அவ்வியப்பு இன்னும் பெருகும். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள்; அவற்றை ஏற்ற இடையர் இன்னார்; நாள்தோறும் அவர் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. பொற்பொருள்களோ 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுத் தனித்தனியே பதிவாயின. கோயிற்பணி செய்வோருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவ்விடத்திற்கு யார் வரவேண்டும் என்பதும் கல்லிலேயே உள்ளது. விளக்கு எரிவது எவர் ஒருவருடைய நினைவாற்றலையும் நம்பியதாக இருக்கவில்லை.

இன்றும் கோயில்களில் 'திட்டம்' என்றொரு சொல் வழங்குகிறது. எந்தக் காலப் பூஜைக்கு என்ன நைவேத்தியம், அதற்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு என்று வரையறுத்து வைத்திருப்பதே திட்டம். மடைப்பள்ளிக்குப் புதியவர் பொறுப்பேற்றாலும் பூஜை தவறாமைக்கு அதுவே காரணம்.

நம் இல்லங்களில் நிலைமை வேறு. வைப்புத்தொகை, காப்பீடு, வரி ஆகியவை கணவர் மனத்தில் இருக்கும். மளிகை, திதி, நேர்ந்துகொண்ட வேண்டுதல், பிள்ளைகளின் தேவை ஆகியவை மனைவியின் மனத்தில் இருக்கும். இருவருள் ஒருவர் பத்து நாள் மருத்துவமனையில் படுத்துவிட்டால் பாதி வீடு இருண்டுவிடுகிறது. காரியங்கள் முடிந்த கையோடு, ஒரு துணிப்பை நிறையக் காகிதங்களுடன் வங்கிக்கு வந்து, எது எதற்கென்று அறியாது தவிக்கும் பெண்களைக் காணாத கிளை இல்லை. அன்பில் குறைவில்லாத குடும்பங்களே அவை. எழுதி வைக்காததுதான் குறை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு மாதக் காலண்டர், ஒரு நோட்டு, ஒரு பை ஆகிய மூன்றும் போதும்.

காலண்டர் அனைவர் கண்ணிலும் படும் இடத்தில் தொங்க வேண்டும். தமிழகத்தில் சொத்துவரி ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் இரு அரையாண்டுகளுக்கு உரியது. வீட்டு மின்கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை வருவது. மத்திய அரசு ஓய்வூதியர் உயிர்வாழ்ச் சான்று அளிப்பது நவம்பரில். இவற்றோடு காப்பீட்டுத் தவணையும் பள்ளிக் கட்டணமும் அதில் ஏற வேண்டும். முன்னோர் திதி, மாதமும் பட்சமும் பார்த்து வருவதாதலால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். ஆகவே புதுக் காலண்டர் வந்த அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கி அனைத்தையும் குறித்துவிடுதல் நலம்.

நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி: எந்த வங்கி, எந்தக் கிளை, யார் பெயரில், எப்போது முதிர்வு, நியமனதாரர் யார். ரகசிய எண்களை மட்டும் அதில் எழுதலாகாது. நியமனதாரர் என்பவர் வங்கியிடமிருந்து தொகையைப் பெற உரிமை உடையவரே. வாரிசுகளின் பங்குரிமை வேறு. இவ்வேறுபாட்டை வீட்டார் முன்பே அறிந்திருப்பது பின்னாளில் மனக்கசப்பைத் தவிர்க்கும். பத்தாண்டுகள் எவரும் கோராத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பிறகும் உரியவர் கேட்டுப் பெறலாம். ஆயினும் அப்படி ஒரு கணக்கு உண்டென்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

பையில் பத்திரங்கள், சான்றிதழ்கள், காப்பீட்டுப் பத்திரங்கள் தனித்தனி உறைகளில் இருக்கட்டும். எதையேனும் வெளியே எடுப்பவர், எடுத்த நாளையும் தம் பெயரையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி அவ்விடத்தில் வைக்க வேண்டும். பத்திரம் திரும்பி வரும் வரை அத்தாள் அங்கே காவல் இருக்கும்.

சமையலறைக்கும் இத்தகைய சிறு விதிகள் உண்டு. பருப்பு தீர்ந்தபின் எழுதாமல், கடைசிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே மளிகைப் பட்டியலில் எழுதுவது ஒன்று. எரிவாயு உருளையின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகளுள் ஒன்றும் ஆண்டின் எண்ணும் இருக்கும். ஏ என்பது ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டு, ஏனையவை அடுத்தடுத்த காலாண்டுகள். அந்தக் காலாண்டுக்குள் உருளை மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். அக்கெடு கடந்த உருளையை வாங்காமல் திருப்பி அனுப்புவது மற்றொன்று. அடுப்பின் ரப்பர் குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய ஆண்டும் நோட்டில் ஏறட்டும்.

இறப்பையும் அதற்குப் பின் நேர்வதையும் எழுதி வைப்பது அமங்கலம் என்று சிலர் தயங்குவர். இறைவனுக்கு அளித்த கொடையைப் பொறித்த கல்லிலேயே, பணிசெய்வோர் இறந்தால் அடுத்தவர் யார் என்றும் பொறித்தார்கள். சந்நிதிச் சுவர் தாங்கிய சொல்லை வீட்டு நோட்டு தாங்காதா?

மற்றொரு தவறும் நேரக்கூடும். நோட்டு எழுதும் வேலையையும் ஏற்கெனவே ஓயாது உழைக்கும் இல்லத்தரசியின் தலையிலேயே சுமத்துவது அது. அப்படிச் செய்தால் ஒருவர் மனத்தில் இருந்தது ஒருவர் கையெழுத்துக்கு மாறியதே மிச்சம். அமாவாசைதோறும் கால் மணி நேரம் குடும்பம் சேர்ந்து அமர்ந்து, ஒரு மாதம் மகன், அடுத்த மாதம் மகள், பிறகு தந்தை என்று மாறி மாறி எழுதுவதே சரியான முறை.

நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பாட்டிக்கென ஒதுக்க வேண்டும். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் எந்தத் திசையில் உள்ளது, பூசாரி யார், பொங்கலிடும் முறை என்ன, எந்த வேண்டுதல் நிலுவையில் உள்ளது என்பவை எந்த அலுவலகத்திலும் பதிவாகாதவை. அவர் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். பணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது; பாட்டியோடு மறைந்த வழிபாட்டை மீட்க வழியே இல்லை.

திட்டம் நிறைவாக உள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மாதம் கணவரும் மனைவியும் பொறுப்புகளை மாற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கேளாமல், நோட்டை மட்டும் பார்த்து வீட்டை நடத்த வேண்டும். எங்கே கேட்க நேர்கிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது. அதை அன்றே எழுதிவிட வேண்டும்.