ஒற்றை வரியில் ஒரு மரபு

சென்ற பிப்ரவரியில் ஒரு தனியார் பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகச் சென்றிருந்தேன். பட்டுப்பாவாடை உடுத்திய எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 'நம் பண்பாட்டுப் பெருமை' என்னும் தலைப்பில் மூச்சு விடாமல் நான்கு நிமிடங்கள் முழங்கினாள். கணியன் பூங்குன்றனாரின் புகழ்பெற்ற முதல் அடியில் தொடங்கி, உலகின் முதற்குடி நாமே என்பதற்குச் சான்றாக எல்லா மேடைகளிலும் வழங்கும் இன்னொரு பழம்பாடல் அடியில் முடித்தாள். அரங்கம் அதிர்ந்தது. அடுத்து ஒரு சிறுவன் வந்து, 'இவ்வாண்டு நான் கற்றவை' என்று ஒரு தாளை வாசித்தான். ஒழுக்கம், ஒற்றுமை, விடாமுயற்சி. அதற்கும் கைதட்டல்.

விழா முடிந்தபின் அச்சிறுவனை அழைத்து, "இந்த வருஷம் உனக்குப் புரியாமலே போனது எது, தம்பி?" என்று கேட்டேன். சற்றே திகைத்தவன், "அதை மிஸ் எழுதித் தரலையே சார்" என்றான்.

நம் பள்ளிக் கூட்டங்களின் நோய் முழுவதும் அந்த விடையில் அடங்கியிருக்கிறது என்பேன். மரபைப் பற்றிப் பேசச் சொன்னாலும், கழிந்த ஆண்டைத் திரும்பிப் பார்க்கச் சொன்னாலும், பிள்ளைகளிடம் நாம் கேட்பது ஒப்புவித்தலை மட்டுமே.

புறநானூற்றின் 192ஆம் பாடல் 13 அடிகள் கொண்டது. மேடைக்கு வந்து சேர்ந்தது முதல் அடி. எஞ்சியவற்றில் என்ன இருக்கிறது? நமக்கு நேரும் நன்மை தீமைகளுக்குப் பிறரைக் காரணம் காட்ட இயலாது. சாவு புதிய செய்தியன்று. பேராற்று வெள்ளத்தில் அகப்பட்ட மிதவையைப் போல உயிர் தன் முறைவழியே செல்கிறது. இதை உணர்ந்தமையால் பெரியோரைக் கண்டு வியப்பதுமில்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை. இவ்விறுதிப் பகுதியை அம்மேடையில் வாசித்திருந்தால் என்னவாகியிருக்கும்? தாளாளருக்கும் எனக்கும் பொன்னாடை போர்த்தவே அரைமணி நேரம் கழிந்தது. ஒப்பனை கலையக் குழந்தைகள் பக்கவாட்டில் காத்து நின்றன. நானும் தலைகுனிந்து அப்பொன்னாடையை ஏற்றுக்கொண்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அச்சிறுமி முடித்த அடியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அது ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில், குடிநிலை என்னும் துறையில் வருவது. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கும் மறக்குடி ஒன்றின் பழமையையும் வீரத்தையும் உயர்வு நவிற்சியாகப் புகழ்வது. அதைத் தமிழ்மொழியின் வயதுக்குச் சான்றாக நிறுத்துவதற்கு அப்பாடலில் இடமில்லை. இதை அவளிடம் எவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்களுள் தமிழ் கற்பிக்கும் நானும் ஒருவன்.

"ஒரு வரியாவது நினைவில் நிற்கட்டுமே, பிற்காலத்தில் முழுதும் படித்துக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். பாடச்சுமையும் தேர்வு நெருக்கடியும் ஆசிரியர்களை எவ்வாறு பிழிகின்றன என்பதை அறியாதவனல்லேன். ஆனால் அந்தப் பிற்காலம் என் வகுப்பறைக்குத்தான் வந்து சேர்கிறது. ஆண்டுதோறும் இளங்கலை முதலாண்டு மாணவரிடம் இப்பாடல் எவ்வாறு முடிகிறது என்று கேட்கிறேன். கை உயர்வது அரிது. தெரியாமை குற்றமன்று. பாடலே தமக்குத் தெரியும் என்று அவர்கள் எண்ணியிருப்பதுதான் இடர். தெரிந்துவிட்டதாக நம்பும் ஒன்றை யார் தேடிப் படிப்பார்?

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்நூலில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. இன்றும் அவ்வெண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. வேறு சில பாடல்களில் சிதைந்த சொற்களின் இடத்தில் புள்ளிகளே உள்ளன. வெண்பாவும் ஆசிரியப்பாவும் கைவந்த புலவருக்கு அவ்விடங்களைத் தம் சொற்களால் நிரப்புவது அரிய செயலா? அவர் நிரப்பவில்லை. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று அச்சிட்டுக் காட்டிய அந்த நேர்மையும் நம் பண்பாட்டுப் பெருமைதான். அதை எந்தப் பள்ளி மேடையிலும் நான் கேட்டதில்லை.

நான் வேண்டுவது பெரிதன்று. மாதம் ஒருநாள், காலை வழிபாட்டுக் கூட்டத்தில், ஒரு பழம்பாடலை முதலிலிருந்து முடிவு வரை ஒரு மாணவர் வாசிக்கட்டும். பொருளை எளிய தமிழில் சொல்லட்டும். ஐந்து நிமிடம் போதும். ஆண்டிறுதித் தாளை ஆசிரியர் எழுதித் தர வேண்டாம். பிள்ளையே எழுதட்டும், பிழைகளோடு. புரியாமற்போன இடத்தில் சாமிநாதையரைப் போலப் புள்ளியிட்டு விடட்டும்.

அப்படியொரு தாள் வாசிக்கப்படும் விழாவுக்கு எவரேனும் அழைத்தால் கட்டாயம் வருவேன். பொன்னாடை வேண்டாம்.