பேர்ல என்ன பாஸ் இருக்கு? எல்லாமே இருக்கு!

ராத்திரி பதினோரு மணி. மறுநாள் காலையில பைனல் இயர் ப்ராஜெக்ட் ரெவ்யூ. ஜூனியர் ஒருத்தன்கிட்டேருந்து போன்.

"அண்ணா... நேத்து வரைக்கும் சூப்பரா ஓடுச்சுண்ணா. சாயங்காலம் சும்மா ஒரு அப்டேட் குடுத்தேன். இப்ப ப்ராஜெக்ட் ரன்னே ஆக மாட்டேங்குது!"

"எங்கேருந்துடா அப்டேட் எடுத்துச்சு?"

"ஈக்ளிப்ஸ்லயே வந்துச்சுண்ணா..."

ரூமுக்கு ஓடினேன். ஈக்ளிப்ஸ்ல ப்ரிபரன்சஸ் போய், இன்ஸ்டால்/அப்டேட்டுக்குக் கீழே 'அவைலபிள் சாப்ட்வேர் சைட்ஸ்' பட்டியலைத் திறந்தா தலை சுத்திடுச்சு. 'சைட் 1', 'டெஸ்ட்', 'நியூ', 'நியூ 2', 'லேப் அண்ணா குடுத்தது'!

"யார்டா வெச்ச பேரு இதெல்லாம்?"

"நான்தாண்ணா..."

விஷயம் இதுதான் மக்களே. அப்டேட் ரெப்பாசிட்டரிங்கறது ஒரு குடோன் மாதிரி. நாம யூஸ் பண்ற டூல், ப்ளக்-இன் எல்லாத்துக்கும் புதுச் சரக்கு அங்கேருந்துதான் வருது. நீங்க 'செக் பார் அப்டேட்ஸ்' அழுத்தினா, பட்டியல்ல டிக் அடிச்சு வெச்சிருக்கற எல்லா குடோனையும் ஈக்ளிப்ஸ் தட்டிப் பார்க்கும். புதுசு இருந்தா எடுத்து நீட்டும். நாம கண்ணை மூடிக்கிட்டு நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ்!

நம்ம தம்பியோட 'நியூ 2' என்ன தெரியுமா? ஒரு ப்ளக்-இன்னோட நைட்லி பில்டு. அதாவது, அன்னிக்கு எழுதின கோடை அன்னிக்கு ராத்திரியே கட்டிப் போடற, முழுசா சோதிக்காத சரக்கு. பேர்லயே 'நைட்லி'னு இருந்திருந்தா ரெவ்யூவுக்கு முந்தின நாள் அதைத் தொட்டிருப்பானா?

பேர் விஷயத்துல பெரிய தலைகளே தடுமாறியிருக்காங்க. 2006-ல 'கலிஸ்டோ'னு ஆரம்பிச்ச ஈக்ளிப்ஸ் ரிலீஸ்கள், யூரோப்பா, கனிமீட்னு போய் 2018 ஜூன்ல 'போட்டான்' வரைக்கும் வந்துச்சு. கேக்க ஸ்டைல்தான். ஆனா கெப்ளர் பழசா, லூனா பழசான்னு டக்குனு சொல்லுங்க பார்ப்போம்! அடுத்த ரிலீஸ்லேருந்து வருஷம்-மாசம்தான் பேரு. முதல்ல வந்தது '2018-09'. எது பழசு, எது புதுசுன்னு ஸ்கூல் பையன்கூட சொல்லிடுவான்.

லினக்ஸ் பசங்களுக்கு இன்னொரு கூத்து. டெபியன் 10-ல 'பஸ்டர்-அப்டேட்ஸ்'னு ஒண்ணு, 'பஸ்டர்/அப்டேட்ஸ்'னு இன்னொண்ணு. வித்தியாசம் ஒரே ஒரு கோடு! முதலாவது சாதாரணத் திருத்தங்களுக்கு. இரண்டாவது பாதுகாப்புத் திருத்தங்களுக்கு. குழப்பிக்கிட்டா செக்யூரிட்டி அப்டேட்டே வராம மெஷின் திறந்த வீடா கிடக்கும். 2021 ஆகஸ்ட்ல டெபியன் 11 வந்தப்போ பேரை 'புல்ஸ்ஐ-செக்யூரிட்டி'னு மாத்திட்டாங்க. இப்ப பேரைப் படிச்சாலே வேலை புரியுதுல்ல?

சரி, நாம என்ன பண்ணலாம்?

* பேர்ல மூணு விஷயம் இருக்கட்டும்: யாரோட சரக்கு, எந்த வெர்ஷன், ஸ்டேபிளா நைட்லியா. ஏற்கெனவே சேர்த்த சைட்டுக்கும் 'எடிட்' அழுத்திப் பேரை மாத்தலாம்.

* 'நியூ', 'லேட்டஸ்ட்' மாதிரி பேரெல்லாம் வேண்டாம். முப்பது வருஷம் ஆனாலும் நம்ம ஊர்ல அது 'புது' பஸ் ஸ்டாண்ட்தானே! அதே கதைதான்.

* ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் நைட்லி சைட்டுக்கு டிக்கை எடுத்துடுங்க.

* டீம்ல நாலு பேரா? பட்டியலை 'எக்ஸ்போர்ட்' பண்ணி எல்லாருக்கும் குடுங்க. நாலு மெஷின்லயும் ஒரே பேரு, ஒரே குடோன்.

தம்பி கதைக்கு வர்றேன். ஹெல்ப் மெனுவுல அபவுட் போய், 'இன்ஸ்டலேஷன் டீட்டெய்ல்ஸ்'ல 'இன்ஸ்டலேஷன் ஹிஸ்டரி'யைத் திறந்தோம். முந்தின நாள் தேதியைத் தேர்ந்தெடுத்து 'ரிவர்ட்' குடுத்தோம். ரீஸ்டார்ட் ஆகி ப்ராஜெக்ட் ஓடறப்போ மணி பன்னெண்டரை. அவன் உடனே தூங்கப் போகலை. உக்காந்து அஞ்சு சைட்டுக்கும் ஒழுங்கா பேர் வெச்சான்.

மறுநாள் ரெவ்யூல எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி: "என்னென்ன டூல், எந்த வெர்ஷன்ல பண்ணீங்க?"

தம்பி மூச்சு விடாம சொன்னானாம். பின்னே, ராத்திரி ஒவ்வொண்ணா அவனே டைப் அடிச்ச பேராச்சே!

இன்னிக்கே உங்க பட்டியலைத் திறந்து பாருங்க. 'நியூ 2' அங்கேயும் உக்காந்திருக்கலாம். அடுத்த வாரம் பார்ப்போமா?