ஒப்புமை உறவாகுமா?

இரு மொழிச் சொற்கள் ஓசையால் ஒத்திருத்தலைக் கண்ட மாத்திரத்தே அவற்றை ஒரு வயிற்றுப் பிறந்தனவென்று துணிவார் பலர். அத்துணிபு பொருந்தாதென்பது எமது கருத்து. கெல்திய மொழிகளிற் கையைக் குறிக்கும் சொல்லின் வரலாறே அதற்குப் போதிய சான்றாம்.

கையைப் பழைய ஐரிஷ் மொழி 'லாம்' என்றும், வேல்ஸ் மொழி 'ல்லாவ்' என்றும் வழங்கும். வேல்ஸ் மொழியில் உள்ளங்கைக்குப் 'பல்வ்' என்னும் வேறொரு சொல்லும் உண்டு. இலத்தீனில் உள்ளங்கை 'பல்மா' எனப்படும். இவற்றுள் 'பல்மா'வுக்கு உறவு யாதென வினவின், 'பல்வ்' என்றே எவரும் விடையிறுப்பர். அதுவோ உரோமர் பிரித்தானியாவை ஆண்ட தொடர்பாற் புகுந்த கடன்சொல். சிறிதும் ஒவ்வாதனபோலத் தோன்றும் 'லாம்', 'ல்லாவ்' என்பனவே வழிவழி வந்த உறவுடையன.

எங்ஙனமெனின், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியிற் சொன்முதல் நின்ற பகரம் கெல்தியத்தில் மெலிந்து கெட்டது. இலத்தீனில் தந்தை 'பதெர்'. பழைய ஐரிஷில் 'அதிர்'. நிறைந்தது அங்கே 'ப்ளேனுஸ்', இங்கே 'லான்'. கன்னடத்திற் பகரம் ஹகரமாகிப் 'பால்' 'ஹாலு' ஆயினமை நாம் அறிந்ததே. கெல்தியம் அதனினும் ஓரடி மேற்சென்று அவ்வொலியை அறவே இழந்தது. கிரேக்கத்துப் 'பலமே', பழைய ஆங்கிலத்து 'ஃபோல்ம்' என்பனவும் இக்குடும்பத்தனவே. இக்கால ஆங்கிலத்துப் 'பாம்' என்பதோ இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தேறியது. ஆதலின் தனிச்சான்றாக நில்லாது.

இத்தகைய சான்றுகளை ஒருங்குவைத்தே, மதாசோவிச் என்னும் அறிஞர் 2009-இல் வெளியிட்ட மூலக்கெல்தியச் சொற்பிறப்பகராதியில் 'ஃப்லாமா' என்னும் வடிவத்தைத் தந்துள்ளார். அதன் முதலொலி, பகரம் முற்றுங் கெடுமுன் மெலிந்து நின்ற நிலையைக் காட்டுவது. அதன்முன் இடப்படும் உடுக்குறி, 'இச்சொல் ஏட்டிலோ கல்லிலோ கண்டதன்று. உய்த்துணர்ந்தது' என அறிவிக்கும்.

காணாத சொல்லைக் கட்டுதல் வெறுங் கற்பனையன்றோ எனச் சிலர் வினவலாம். கற்பனைக்கு விதியில்லை, இதற்கோ பல சொற்களிலும் ஒருபடித்தாய்ச் செல்லும் ஒலிவிதி உண்டு. மாறான சான்று கிடைப்பின் அவ்வடிவம் திருத்தப்படும். தன் முடிபு திருத்தற்குரியதென்பதை முன்னரே ஒப்புக்கொள்ளும் நேர்மையை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

தமிழ் பயிலும் நம்மனோரும் உலகமொழிகள் பலவற்றில் நம் சொற்களுக்கு உறவு தேடப் புகுகின்றனர். மொழிப்பற்று நன்றே, ஆயினும் பற்றுச் சான்றாகாது. ஒத்த சொல்லைக் காணுந்தோறும், இது உடன்பிறந்ததா, கடனாய் வந்ததா, தற்செயலா என்று முதற்கண் வினவுதல் நம் கடனாம்.