அழிப்பதா, திருத்துவதா? - சில முதல் ஆல்பங்களின் கதை

பட்டாபிராம் இந்து கல்லூரி ஸ்டேஷனில் சாயந்திர லோக்கலுக்கு நிற்கும் கூட்டத்தில் யாரையாவது பிடித்து, "ரஹ்மானோட முதல் ஆல்பம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 'ரோஜா' என்று பதில் வரும்.

அதுதான் இல்லை மக்களே! ரோஜா வந்தது 1992 ஆகஸ்ட் 15. அதற்கு முந்தைய வருடமே மால்குடி சுபாவைப் பாட வைத்து 'செட் மீ ஃப்ரீ' என்று ஓர் ஆங்கிலப் பாப் ஆல்பம் செய்திருக்கிறார் ரஹ்மான். வெளியிட்டது மேக்னாசவுண்ட். அதற்கும் முன்னால் 1989ல் 'தீன் இசை மாலை' என்று தமிழில் இஸ்லாமிய பக்திப் பாடல்கள். ஆங்கில ஆல்பம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. அடுத்த வருடம் ரோஜாவுக்கு தேசிய விருது. அப்புறம் யார் பழசைத் தேடப் போகிறார்கள்?

இந்த மாதிரி ஆல்பங்கள் விஷயத்தில் ரசிகர்கள் மூன்று வகை. முதல் வகைக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டாவது வகைக்குத் தெரியும், ஆனால் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். மூன்றாவது வகை கொஞ்சம் டேஞ்சர். "அதுதாங்க அவரோட பெஸ்ட்" என்று சும்மா சீன் போடுவார்கள் :) மூன்று பேருமே அந்த ஆல்பத்தை ஆல்பமாகக் கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

இதற்கு உலக அளவில் பெரிய உதாரணம் சிகாகோவின் மினிஸ்ட்ரி பேண்ட். கிடாரும் மெஷின் சத்தமும் காதைக் கிழிக்கும் இண்டஸ்ட்ரியல் மெட்டல் கோஷ்டி. 1992ல் வந்த 'சாம் 69' அவர்களுக்குப் பெரிய ஹிட். ஆனால் 1983ல் அரிஸ்டா நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய முதல் ஆல்பம் 'வித் சிம்பதி' முழுக்க முழுக்க சிந்த்-பாப். டான்ஸ் ஆடலாம், காதல் பாட்டு கேட்கலாம். பாடகர் அல் ஜோர்கன்சன் வேண்டுமென்றே பிரிட்டிஷ்காரர் மாதிரி உச்சரித்துப் பாடியிருப்பார்!

பின்னாளில் ஜோர்கன்சன் அந்த ஆல்பத்தைத் திட்டாத நாளில்லை. கம்பெனிதான் தன்னை அப்படி மாற்றியது என்பது அவர் கட்சி. இதில் உண்மை இருக்கலாம். பெரிய நிறுவனம் பணம் போட்டால் சும்மாவா விடும்? ஆனால் அரிஸ்டாவுக்கு முன்பே வாக்ஸ் ட்ராக்ஸ் என்ற சின்ன நிறுவனத்தில் வந்த அவர்களுடைய 'கோல்ட் லைஃப்' சிங்கிளும் டான்ஸ் இசைதான். அதனால் மொத்தப் பழியையும் கம்பெனி தலையில் கட்டுவது நியாயமாகத் தெரியவில்லை.

ரசிகர்களும் தலைவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆல்பம் பிடிக்கும் என்று சொன்னால் ஏதோ துரோகி மாதிரி பார்ப்பவர்கள் உண்டு. அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? அதே ஜோர்கன்சன் 2024ல் பாஸடினாவில் நடந்த க்ரூயல் வேர்ல்ட் விழாவில் அந்தக் காலத்துப் பாட்டுகளை மேடையில் பாடினார். 2025ல் அவற்றைப் புதிதாக ரெக்கார்ட் செய்து 'தி ஸ்குவிரலி இயர்ஸ் ரீவிசிட்டட்' என்று ஆல்பமாகவே போட்டுவிட்டார். நாற்பது வருஷக் கோபம் அவ்வளவுதான். தலைவரே சமாதானம் ஆகிவிட்டார், தொண்டர்கள் இன்னும் கொடி பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி?

பி.காம் முதல் வருடத்திலேயே ஒரு பாடம் வரும். கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு தப்பாகிவிட்டால் அதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. பழசு அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும். அழித்த புத்தகத்தை எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். ஜோர்கன்சன் நாற்பது வருடம் சுரண்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் போட்டது திருத்தப் பதிவுதான்.

இது நம்ம ஊர்ப் பசங்களுக்கும் பொருந்தும். ஆவடி, பட்டாபிராம் பக்கம் கல்ச்சுரல்ஸுக்காக ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு மெலடி பாட ஆரம்பிக்கிறார்கள். இரண்டு வருடத்தில் டிஸ்டார்ஷன் பெடல் கைக்கு வந்ததும் யூட்யூபில் போட்ட பழைய பாட்டையெல்லாம் டெலீட் செய்துவிடுகிறார்கள். கேட்டால் வெட்கமாம். ஜோர்கன்சனுக்கு மனசு மாறியபோது திரும்பிப் போக ஒரு ஆல்பம் கடையில் இருந்தது. டெலீட் செய்தவனுக்கு எது இருக்கும்?

முதல் ஆல்பம் பிரமாதமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சுமாராகவே இருந்துவிட்டுப் போகட்டும். போன வருட க்ளோசிங் பேலன்ஸ்தான் இந்த வருட ஓப்பனிங் பேலன்ஸ். ரோஜாவும் வானத்திலிருந்து விழவில்லை. விளம்பர ஜிங்கிள்ஸ், மற்றவர்களுக்கு வாசித்த கீபோர்டு, போணியாகாத ஓர் ஆங்கில ஆல்பம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

ஆகவே மக்களே, அடுத்த தடவை பிடித்த பேண்டின் மறந்துபோன முதல் ஆல்பம் கண்ணில் பட்டால், சிரிக்காமல் ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். பிடிக்கவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.