ப்ரீ-அல்ஜீப்ராவுக்குத் தனிப் புத்தகம் எதற்கு?

புனேயின் கேம்ப் பகுதியில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தால், பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு கேள்வி தவறாமல் எழும். எந்த ப்ரீ-அல்ஜீப்ரா புத்தகம் வாங்குவது? பதிலும் கிட்டத்தட்ட எழுதி வைத்தாற்போல வரும். கூட்டல் கழித்தலுக்கும் இயற்கணிதத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தாண்ட அமெரிக்காவில் அச்சான நல்ல புத்தகம் ஒன்று வேண்டும், அது பிள்ளைக்குத் தானாகவே புரியும், அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை முடித்தாக வேண்டும், நம் ஊர்ப் பாடநூல்கள் பள்ளிக்கூடத்துக்காக எழுதப்பட்டவை, வீட்டுக்கு உதவாது. நல்ல மனத்தோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனாலும் இதன் ஒவ்வொரு பகுதியும் தவறு என்பதே என் முடிவு. தவறான யோசனையின் செலவு பணத்தோடு நிற்பதில்லை, பிள்ளையின் ஓர் ஆண்டும் அதில் போகிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் அந்தப் பள்ளம். ப்ரீ-அல்ஜீப்ரா என்பது அமெரிக்கப் பள்ளிகளின் பாட ஏற்பாட்டில் பிறந்த ஒரு வகுப்பின் பெயர். அங்கே இயற்கணிதத்தை எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆண்டு முழுக்கத் தனிப் பாடமாக நடத்துவது பழைய வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டை நிரப்ப ஒரு தயாரிப்புப் பாடம் தேவைப்பட்டது. அந்தப் புத்தகங்களைத் திறந்தால் இருப்பது என்ன? குறை எண்கள், பின்னம், தசமம், விகிதம், சதவீதம், அடுக்குகள், எளிய சமன்பாடு. புனேயிலேயே தலைமையகம் கொண்ட மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். முழு எண்கள், பின்னங்கள், தசமம், விகிதம், சதவீதம், சமன்பாடு எல்லாம் அங்கே இருக்கின்றன. ஏழாம் வகுப்பில் இயற்கணிதக் கோவைகள் வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆறாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே இயற்கணித அறிமுகம் இருக்கிறது. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும்கூட எண்கணிதமும் இயற்கணிதமும் வடிவியலும் ஒரே புத்தகத்தில் கலந்துதான் வளர்கின்றன. பள்ளம் இருப்பது ஒரு நாட்டின் கால அட்டவணையில். பிள்ளையின் மூளைக்குள் அப்படி எதுவும் இல்லை.

இரண்டாவது, நம் பாடநூல்கள் வீட்டுக்கு உதவாது என்பது. இதில் பாதி உண்மை உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பழைய பாடநூல்கள் ஆசிரியர் ஒருவர் கரும்பலகை அருகில் நிற்பார் என்று நம்பி எழுதப்பட்டவை. விளக்கம் குறைவு, பயிற்சியும் குறைவு. ஆனால் அந்தக் குறையை நிரப்ப நம்மிடமே பொருள் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குத் தனியாக எக்ஸெம்ப்ளர் கணக்குத் தொகுப்புகள் போட்டிருக்கிறது. அதன் புதிய வரிசையான ‘கணித பிரகாஷ்’ புத்தகங்களில் ஆறாம் வகுப்பு 2024-லும் ஏழாம் வகுப்பு 2025-லும் வந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்தவர்கள், பிள்ளையோடு பேசும் நடையில் எழுதப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பார்கள். ஏழாம் வகுப்பில் எண்கோவைகளுக்கு ஒரு பாடம் முழுதாக வருகிறது. அதற்குப் பிறகுதான் எழுத்துகள் நுழைகின்றன.

இந்த வரிசை தற்செயலானது அல்ல. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் கே. சுப்ரமணியமும் ராக்கி பானர்ஜியும் நம் பிள்ளைகளை வைத்தே பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். 19 − 7 + 4 என்று எழுதிக் கொடுத்தால் ஏழையும் நாலையும் முதலில் கூட்டி, 19-இலிருந்து 11-ஐக் கழித்துவிடும் பிள்ளைகள் ஏராளம். எண்கோவையை உறுப்புகளாகப் பார்க்கப் பழக்கினால், அதாவது +19, −7, +4 என்று மூன்று துண்டுகளாகப் பார்க்கச் சொன்னால், குழப்பம் தெளிகிறது. அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு, பிறகு எழுத்து வரும்போது புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. 47 + 38 பெரியதா, 48 + 36 பெரியதா என்று கூட்டிப் பார்க்காமலே பிள்ளையால் சொல்ல முடிகிறதா? முதல் எண்ணில் ஒன்று கூடியது, இரண்டாவதில் இரண்டு குறைந்தது, ஆகவே மொத்தத்தில் ஒன்று குறைவு என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை இயற்கணிதத்துக்குள் வந்துவிட்டது, அட்டையில் என்ன பெயர் இருந்தாலும்.

மூன்றாவது கூற்றுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நல்ல புத்தகம் கிடைத்துவிட்டால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும், பெற்றோர் விடைத்தாளைத் திருத்தினால் போதும் என்பது. ஜான் சாக்ஸனின் ‘அல்ஜீப்ரா 1/2’ என்ற அமெரிக்கப் புத்தகம் அந்த நம்பிக்கையில்தான் வாங்கப்படுகிறது. தினம் ஒரு சிறு பாடம், பழைய கணக்குகள் கலந்த பயிற்சி என்ற அதன் அமைப்பு மறதியைத் தடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் பிள்ளை செய்யும் பெரிய பிழைகள் விடைத்தாளில் தெரிவதில்லை. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் இதைக் கேட்டார்கள். ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. 12 என்றார்கள், அல்லது 17 என்றார்கள். சமக்குறியை ‘இதோ விடை’ என்னும் அடையாளமாகவே அவர்கள் படித்திருந்தார்கள். ஐந்து வருடம் பக்கம் பக்கமாகச் சரியான விடை எழுதிய பிள்ளைகள்தான் அவர்கள். இந்தக் கோளாறு பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஏன் அப்படிப் போட்டாய்?’ என்று கேட்பவருக்கு மட்டுமே தெரியும்.

எழுத்திலும் இதே கதைதான். ஆப்பிளுக்கு ஆ, வாழைப்பழத்துக்கு வா என்று வைத்து மூன்று ஆப்பிளும் இரண்டு வாழைப்பழமும் கூட்ட முடியாது என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகங்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. அன்றைக்கு எளிதாகப் புரியும். ஆனால் எழுத்து ஒரு எண்ணைக் குறிப்பது, பொருளைக் குறிப்பதல்ல. இந்தக் குழப்பத்தை இங்கிலாந்தில் கல்வி ஆய்வாளர் குஷ்மன் 1970-களிலேயே ஆவணப்படுத்தினார். அது எவ்வளவு தூரம் கூடவே வரும் என்பதை அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் காட்டினார். ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்கள் என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னபோது, முதலாண்டு பொறியியல் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவறினார்கள். மாணவர் எண்ணிக்கை ம, பேராசிரியர் எண்ணிக்கை ப என்றால் ம = 6ப. அவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6ம = ப. ஆறு மாணவர், ஒரு பேராசிரியர் என்று வாய்ப்பேச்சு வரிசையிலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே எந்தப் புத்தகத்தையும் எடுத்தவுடன் எழுத்து முதன்முதலில் நுழையும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பழக்கூடை இருந்தால், விலை எவ்வளவாக இருந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும் மூடி வைத்துவிடலாம்.

புரட்டிப் பார்த்து வாங்குவது என்பதே இப்போது அரிதாகிவிட்டது. கேம்ப்பில் இருந்த மேனீஸ் கடை 2012-இல் மூடப்பட்டது. வெளிநாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க நமக்கிருந்த இடம் அது. இப்போது பெயரைக் கேட்டு, பக்கத்தைப் பார்க்காமல், பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வரவழைக்கிறோம். அவ்வளவு கொடுத்துவிட்டோமே என்பதற்காகவே பிடிக்காத பிள்ளையையும் கடைசிப் பக்கம்வரை இழுத்துச் செல்கிறோம். நான்காவது கூற்றுக்கு, அதாவது ஒரே புத்தகத்தை முழுதும் முடிக்க வேண்டும் என்பதற்கு, இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. பள்ளியில் நாற்பது பிள்ளைகளை ஒரே வேகத்தில் நடத்த அந்த ஒழுங்கு தேவைப்படலாம். வீட்டில் ஒரு பிள்ளைதானே! பின்னம் தடுமாறினால் அங்கே மூன்று மாதம் நிற்கலாம், அதற்கு இன்னொரு புத்தகத்தைத் திறக்கலாம்.

‘ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங்’ வெளியிட்ட ப்ரீ-அல்ஜீப்ரா புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல நூல். விதியைச் சொல்லாமல் கணக்கைக் கொடுத்து, பிள்ளையையே விதியைக் கண்டுபிடிக்க விடுகிறது. கணக்கில் ஏற்கெனவே பசி உள்ள, ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு அதைத் தயங்காமல் தருவேன். மற்றப் பிள்ளைகளுக்கு அது பாரம். பத்தாவதுவரை தமிழ் வழியில் படித்த அம்மாவோ அப்பாவோ உள்ள வீடுகள் கேம்ப்பில் நிறைய. அவர்கள் கையில் தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புத் தமிழ்வழிப் புத்தகத்தைக் கொடுத்தால் மாறி, கோவை, உறுப்பு எல்லாம் நேற்றுப் படித்ததுபோல வாயில் வரும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும், சொல்லிக் கொடுப்பவர் தனக்குத் தெரிந்த மொழியில் யோசித்துச் சொல்லட்டும்.

நம்மிடம் இருக்கும் செல்வத்தை நாம் மதிப்பதில்லை என்பதே என் வருத்தம். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர் பி.கே. ஸ்ரீநிவாசன். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர். இயற்கணிதத்தை ஒழுங்குகளின் மொழியாகவே பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். மாதக் காலண்டரை மட்டும் வைத்தே ஒரு சிறு நூல் எழுதினார். புனேயின் ஐயூகா வானியல் மைய வளாகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் அது இலவசமாக இருக்கிறது. உங்கள் சுவரில் தொங்கும் காலநிர்ணய் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமை மேலிருந்து கீழாக அச்சாகியிருந்தாலும் குறுக்காக அச்சாகியிருந்தாலும் கணக்கு மாறாது. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டமிடுங்கள். நடுவில் 17 என்றால் ஒன்பதின் கூட்டல் 153, அதாவது 17-இன் ஒன்பது மடங்கு. வேறு கட்டம், வேறு மாதம், எதுவானாலும் அப்படியே வரும். ஏன் என்று பிள்ளை கேட்கும் நேரத்தில்தான் எழுத்துக்குத் தேவை பிறக்கிறது. நடு எண்ணைக் க என்று வைத்தால் பக்கத்தில் க − 1, க + 1, அடுத்த வாரங்களில் க − 7, க + 7, மூலைகளில் க − 8, க + 8, க − 6, க + 6. கூட்டல் கழித்தல் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 9க மட்டும் மிஞ்சும். இப்படி வந்த எழுத்தை எந்தப் பிள்ளையும் வாழைப்பழம் என்று நினைக்காது.

கடைசியாகத் தேர்வு. வெளிநாட்டுப் புத்தகம் படித்தால்தான் பின்னால் எதையும் எழுத முடியும் என்கிறார்கள். வீட்டில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் பதினான்கு வயது முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதுகிறார்கள். அந்தப் பாடத்திட்டத்துக்கு அருகில் இருப்பது என்.சி.இ.ஆர்.டி. வரிசைதான். கேம்ப்ரிட்ஜ் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கும் அமெரிக்க வரிசை பொருந்துவதில்லை, அங்கே ப்ரீ-அல்ஜீப்ரா என்றொரு படியே கிடையாது.

ஆகவே இந்த ஆண்டு யாராவது என்னிடம் கேட்டால், புத்தகக் கடைகள் நிறைந்த அப்பா பல்வந்த் சௌக்குக்கு ஆட்டோ பிடியுங்கள் என்பேன். போகும் வழியில், முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 17 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மூன்றரை கிலோமீட்டருக்கு 59 என்று சொன்னால் போதாது, எந்தத் தூரத்துக்கும் பொருந்தும்படி ஒரு வரி எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ‘கணித பிரகாஷ்’ ஏழாம் வகுப்பும் எக்ஸெம்ப்ளர் ஏழும் வாங்குங்கள். முடியாவிட்டால் ஆறாம் வகுப்புப் புத்தகங்கள், அதிலும் பாலபாரதியின் பின்னப் பகுதியை முதலில் எடுங்கள்.