கந்தோர் எங்கே இருக்கிறது?

வீட்டிலிருந்தவாறே வேலைத்தலத்துக் கணினியை இயக்கலாம் என்னும் செய்தி இன்று எவருக்கும் வியப்பளிப்பதன்று. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று நாட்டை முடக்கியபோது, கொழும்பில் அறைக்குள் அடைபட்ட கணக்காளரும், ஊருக்கு வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்ட வங்கி உத்தியோகத்தரும் அவ்வாறே தம் கடமையைச் செய்தனர். வியப்புக்குரியது வேறொன்று. ஆண்டுகள் பல சென்ற பின்னரும் இவ்வசதி ஊழியனின் உரிமையாக அன்றி மேலதிகாரியின் தயவாகவே இருந்து வருகின்றது. தயவின் பிடி கொடுத்தவன் கையிலேயே இருக்கும். தமிழ் பேசும் மக்களுக்கு இதனைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கணினியோடு பழக்கமில்லாத கமக்காரப் பெருமக்களுக்குப் பொருளைச் சுருங்கக் கூறுவோம். தோட்டக் கிணற்றடியில் மோட்டர் இருக்கிறது. அதன் ஆளி வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஆளியைத் தட்டினால் நீர் இறைப்பது கிணற்றடி மோட்டரேயன்றி வீட்டுச் சுவரன்று. தொலை இணைப்பும் இத்தகையதே. வேலை செய்வது கொழும்புக் கந்தோரில் உள்ள கணினி. கோவைகளும் கணக்குகளும் அங்கேயே கிடக்கின்றன. வீட்டுக் கணினிக்கு வருவது அதன் திரையின் படம். இங்கிருந்து போவது விசையழுத்தமும் சுட்டியின் அசைவுமே. ஆகவே பெரிய கோவைகளை ஊருக்கு இறக்கிக்கொள்ள வேண்டிய அளவு வேகம் இதற்கு வேண்டியதில்லை. ஆயின் கிணற்றடியில் மின்சாரம் இல்லையேல் ஆளி எதற்கு? கந்தோர்க் கணினி அணைந்து கிடந்தால் வீட்டிலிருப்பவர் கைகட்டி இருக்க வேண்டியதுதான்.

இதனை அரசாங்கம் எவ்வளவு விளங்கிக்கொண்டது என்பதற்கு 2022 ஆம் ஆண்டே சான்று. எரிபொருள் இன்மையால் அவ்வாண்டு ஜூன் 20 முதல் இரு வாரங்களுக்கு, இன்றியமையாத சேவையினர் ஒழிந்த அரசாங்க ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யுமாறு பணிக்கப்பட்டனர். பயிர் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறையும் அறிவிக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து கமக்காரனின் வயிற்றில் அடித்த அதே சனாதிபதியின் ஆட்சி, மறு ஆண்டில் எழுதுவினைஞரின் கையில் மண்வெட்டியைக் கொடுத்த விந்தையை என்னென்பது! வீட்டிலிருந்து வேலை செய் என்றனர். எதைக் கொண்டு செய்வதெனக் கூறினாரல்லர். கோவை கச்சேரி அலுமாரியில். உத்தியோகத்தர் வீட்டுத் திண்ணையில். இரண்டையும் இணைக்கும் ஏற்பாடு அநேக கந்தோர்களில் இல்லை. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை. பின்னர் நெருக்கடி தணிந்தது. மறு கட்டளை வந்தது. யாவரும் கந்தோருக்குத் திரும்பினர்.

சுற்றுநிருபத்தால் வந்தது சுற்றுநிருபத்தால் போய்விடும். இச்சொல்லைக் கேட்டவுடன் தமிழ் உத்தியோகத்தர் நெஞ்சில் எழுவது கோடீஸ்வரன் வழக்கு. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராய் இருந்த அவர் சிங்களத் தேர்ச்சி பெறவில்லை என்று கூறி 1962 இல் அவரது சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டது. மறுத்தவர்கள் காட்டிய ஆதாரம் திறைசேரிச் சுற்றுநிருபம் ஒன்று. 1964 இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட இயலாது என்றது. 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வழக்காடலாம் என்றது. மொழிச் சட்டம் செல்லுபடியானதா என்னும் மூல வினாவோ விடையின்றியே போயிற்று. ஓர் எழுதுவினைஞரின் ஒரு சம்பள ஏற்றத்துக்கு ஏழாண்டுகள்! ஊழியனின் வாழ்வைத் தொடும் ஏற்பாடு எதுவாயினும் அது சட்டத்தில் ஏற வேண்டும், அன்றேல் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் ஏற வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

இந்த வசதியில் தமிழர்க்குத் தனி நாட்டம் ஏன் என்று கேட்கலாம். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. படித்தவனைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்ல வண்டி. அங்கே அவனை இறக்கி வைக்கச் சட்டம். மணியோடர் வந்த வீடுகளில் கல்வீடு எழுந்தது உண்மை. ஆயின் வளவுக்கு வேலி அடைக்க ஆளின்றிப் போனதும் உண்மை. உத்தியோகம் தேடிப் போனவர் 1958 இலும் 1983 இலும் அகதியாய்க் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினர். பெரும்போக விதைப்புக்கு ஒரு கிழமை லீவு கேட்டு மேலதிகாரி முன் தலை சொறிந்து நிற்கும் கிளிநொச்சி இளைஞன் இன்றும் உளன். அவனுடைய கந்தோர்க் கணினி அவன் வீட்டு மேசைக்கு வருமாயின், அவன் சம்பளம் ஊர்க் கடையில் செலவாகும். அவன் தந்தையின் வயலுக்கு இன்னொரு சோடிக் கண் கிடைக்கும்.

எனினும் கம்பி வந்தால் யாவும் வந்துவிடும் என்று மயங்குவோர்க்கு ஒரு வினா. மன்னாரில் தன் வீட்டில் அமர்ந்து கொழும்புத் திணைக்களத்தின் கணினியை இயக்கும் உத்தியோகத்தரின் கந்தோர் எங்கே இருக்கிறது? 1988 இல் நிறைவேறிய பதினாறாம் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் பொது நிறுவனங்கள் பதிவேடுகளைப் பேண வேண்டிய மொழி தமிழ்; ஏனைய மாகாணங்களில் சிங்களம். உத்தியோகத்தர் உடல் மன்னாரில். அவர் திறக்கும் பதிவேடு கொழும்பில். திணைக்களம் அங்கே இருக்கும்வரை சட்டத்தின் விடை கொழும்பு என்பதே. ஆகவே தொலை இணைப்பு அதிகாரப் பகிர்வு ஆகிவிடாது. கொழும்புக் கணினியைத் தொடுவதற்கு வழி தந்தோமே, இனி மாகாண சபை எதற்கு என்று கேட்கவும் ஆட்கள் உளர். அவர்களுக்கு இடங்கொடுத்தல் ஆகாது.

இதே வினாவுக்குத் தனியார் கம்பனிகள் கூறும் விடை இன்னும் சுவையானது. இரவு 10 மணிக்குக் கணக்கறிக்கை வேண்டுமாயின், கந்தோர் ஊழியனின் வீட்டில் இருக்கிறது. மடியில் கணினி இருக்கும்போது உறக்கம் எதற்கு என்பர். அதே இரவு 10 மணிக்கு அவனை மின்சாரம் தாக்கினாலோ, கந்தோர் கொழும்புக்குப் போய்விடும். வீட்டில் நேர்ந்த விபத்துக்கு யாம் பொறுப்பல்லோம் என்பர். 1934 ஆம் ஆண்டு வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையிலிருந்து எழுந்து வேலையின்போது நேர்ந்த ஊறுக்கு நட்டஈடு கூறுகின்றது. வேலை எங்கே, எப்பொழுது நடந்தது என்பதை எண்பிப்பது எவ்வாறு? எழுத்தில் இடமும் நேரமும் குறிக்கப்படவில்லையேல் ஊழியன் பக்கம் வழக்காடும் சட்டத்தரணியின் நிலை இரங்கத்தக்கதே.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை எம்மிடம் நல்ல சட்டம் உண்டு. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்று வரையறுத்தது. ஆயின் அதனை ஆக்கியோர் மனத்தில் இருந்த கந்தோர் கதவு பூட்டப்படும் கட்டடம். பூட்டுவதற்குக் கதவில்லாத கந்தோரை அவர்கள் எண்ணியிருக்க இயலாது. பிறநாட்டார் விழித்துக்கொண்டனர். வேலை நேரத்துக்குப் பின் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்சில் 2017 ஜனவரி முதல் சட்டத்தில் உளது. போர்த்துக்கல் 2021 டிசம்பரில் இயற்றிய சட்டம், ஓய்வு நேரத்தில் ஊழியனைத் தொடர்பு கொள்ளாதிருத்தல் தொழில் தருநரின் கடமை என்றது. வீட்டில் வேலை செய்வதால் கூடும் மின்சாரச் செலவையும் இணையச் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்றது. எம் ஊழியனோ தன் மின்சாரப் பட்டியலைத் தானே கட்டிக்கொண்டு கம்பனிக்கு நன்றியும் கூறுகின்றான்.

பாதுகாப்புப் பற்றியும் கூறியாக வேண்டும். ஆளியின் திறப்பு அயலான் கைக்குப் போனால் கிணறு வற்றும். 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டு செல்லும் கொலோனியல் பைப்லைன் கம்பனி தன் குழாய்களை நாட்கணக்கில் மூட நேர்ந்தது. திருடர் நுழைந்தது ஒரு தொலை இணைப்புக் கணக்கின் வழியாக. அக்கணக்கு பயன்பாட்டில் இல்லாதது; கடவுச்சொல் ஒன்றே அதற்குக் காவல்; கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாம் இலக்கம் போன்ற மறுகாவல் இல்லை. கம்பனி கொடுத்த மீட்புப் பணம் ஏறத்தாழ 44 இலட்சம் டொலர். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடாத கந்தோர்கள் எம் நாட்டில் இல்லையென்று எவர் துணிந்து கூறுவர்?

சட்டமும் இவ்விடயத்தில் கடுமையானது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரமின்றிக் கணினி ஒன்றுக்குள் நுழைதல் ஐந்தாண்டுவரை சிறைக்கு உரிய குற்றம். மேலதிகாரி தொலைபேசியில் வாய்மொழியாக, வீட்டிலிருந்து திறந்து பாரும் என்கிறார்; ஊழியன் திறக்கிறான். பிறகு மனத்தாங்கல் வருகிறது; அதிகாரம் யார் கொடுத்தார் என்று கேட்கின்றனர். வாய்மொழிக்குச் சாட்சி யார்? எழுத்து மூலமான அனுமதி ஊழியனுக்குப் பெருமைக்கு அன்று, பிணைக்கு நிற்பது.

கமக்காரர் ஒருவர் எம்மிடம் நியாயமாகவே கேட்கக்கூடும்: கமநல சேவை நிலையத்துக்கு நடையாய் நடக்கின்றேன், இருக்கும் உத்தியோகத்தரையும் வீட்டுக்கு அனுப்பப் போகின்றீரா? இல்லை. மக்கள் முகம் பார்த்து மனுக் கொடுக்கும் கதிரை வெறுமையாகக் கூடாது. வயலுக்கு வந்து வெள்ளச் சேதம் பார்க்க வேண்டியவர் திரையில் பார்த்தலும் ஆகாது. கணக்கு, வரைபடம், கடிதம், கோவை ஆகியவற்றோடு மட்டும் கிடப்பவர்க்கே இக்கோரிக்கை. மறுபுறத்தில், கையொப்பமிட வேண்டிய அதிகாரி கொழும்பில் கூட்டத்துக்குப் போய்விட்டார், அடுத்த கிழமை வாரும் என்னும் பழைய பாட்டுக்கும் இதனால் முடிவு காணலாம். அவர் அங்கிருந்தே தம் கந்தோர்க் கோவையைத் திறந்து ஒப்புதல் தரலாம். 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணுக் கையொப்பத்துக்கு இடமளித்துள்ளது. இல்லாதது மனம் ஒன்றே.

எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தில் பொது நிருவாக அமைச்சின் தலைப்பு வரும்போது இதனைக் கிளப்ப வேண்டும். தொலைவிலிருந்து செய்யத்தக்க பதவிகள் எவை என்று ஒவ்வொரு திணைக்களமும் பட்டியல் வெளியிடல் வேண்டும். அப்பதவியில் உள்ளவர் விண்ணப்பித்தால் காரணம் எழுதாமல் மறுத்தல் கூடாது. 1954 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கந்தோர் என்னும் சொல்லுக்கு உள்ள பொருள், ஊழியன் இணைப்பில் இருக்கும் இடத்தையும் உள்ளடக்குமாறு திருத்தப்படல் வேண்டும். அதுவரை, தனியார் கம்பனிகளில் கடமையாற்றும் எம் இளைஞரும் யுவதிகளும் ஒன்று செய்யலாம். வேலை நேரம், இடம், மின்சார இணையச் செலவு, கணக்கு மூடப்படும் நாள் ஆகியன குறித்த ஒரு கடிதத்தை மேலதிகாரியிடம் கேட்டு வாங்குக. தர மறுப்பின் தாமே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துக. கிளைக் கூட்டங்களுக்கு வரும்போது அப்பிரதிகளைக் கொண்டுவருவோர்க்கு வேண்டிய சட்ட ஆலோசனை கட்டணமின்றித் தரப்படும்.