ஏரி வண்டலைச் சோதிக்காமல் வயலில் இடலாமா?

கோடையில் ஏரி வண்டலை வண்டி வைத்து வயலுக்கு அடிப்பது குறிஞ்சிப்பாடி வட்டார விவசாயிகளின் நல்ல வழக்கம். ஆனால் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகியவற்றில் நெய்வேலிச் சுரங்க நீரும் அப்பக்கத்து மழைநீரும் வந்து சேர்கின்றன. எனவே, அந்த வண்டலைப் பாதரசத்திற்காகச் சோதித்த பிறகே வயலில் இட வேண்டும் என்பது என் கருத்து.

பழுப்பு நிலக்கரியில் பாதரசம் மிகச் சிறிய அளவில் உண்டு. எரிக்கும்போது அது புகையோடும் சாம்பலோடும் வெளியேறுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. நெய்வேலிப் பகுதியில் பல இடங்களில் நீரில் இந்த அளவு மீறியிருப்பதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திடம் தெரிவித்தது.

இவ்வளவு சிறிய அளவு என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்கலாம். கடலைப் பார்த்தால் விடை தெரியும். நீர் தேங்கிய சேற்றில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியில் ஏறி, சிறு மீனிலும் பெரிய மீனிலும் படிப்படியாகக் கூடுகிறது. மீன் தின்று பல்லாண்டு வாழும் ஓங்கில், திமிங்கிலம் ஆகியவற்றின் ஈரலிலும் தசையிலும் மிகுதியாகச் சேர்கிறது. வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபாரோ தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகத் திமிங்கில இறைச்சி உண்டு வந்தவர்கள். பாதரசம் முதலிய நஞ்சுகள் காரணமாக அதை இனி உண்ண வேண்டாம் என்று அங்குள்ள தலைமை மருத்துவர்கள் 2008-இல் அறிவுரை கூறினர். கடல்நீரை மட்டும் சோதித்திருந்தால் இந்த ஆபத்து புலப்பட்டிருக்காது.

பெருமாள் ஏரியின் மிகுதி நீரும் பரவனாறு, உப்பனாறு வழியாகக் கடலூர் அருகே கடலில்தான் கலக்கிறது. வழியெல்லாம் சேறும் மீனும் உண்டு. நெல் வயலும் நீர் தேங்கிய சேறுதான் என்பதை நாம் மறக்கலாகாது.

கரும்புக் கரணையைப் பாதரச மருந்தில் நனைத்து நட்ட காலம் ஒன்று இருந்தது. அம்மருந்தை மத்திய அரசு 2018-இல் தடை செய்தது. நாம் கையால் இட்டதை நிறுத்திவிட்டு, வண்டலோடு வரக்கூடியதைக் கவனிக்காமல் விடுவது முறையாகாது.

சாதாரண மண் பரிசோதனை நிலையங்களில் பாதரசம் பார்ப்பதில்லை. ஆகவே இச்செலவு விவசாயியின் தலையில் விழக் கூடாது. தூர் வாருமுன் வண்டலையும் ஏரி மீனையும் வாரியமே சோதித்து, முடிவைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். கிராம சபையில் இதற்குத் தீர்மானம் போடுங்கள். முடிவு வரும்வரை சாம்பல் படிந்த வண்டலை வயலில் இட வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இந்த ஏரிகளின் விரால் போன்ற, மீன் தின்னும் பெரிய மீன்களைத் தவிர்ப்பது நல்லது.